யூயிங் – ஷெர்மன் குடும்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூயிங் – ஷெர்மன் குடும்பம் என்று யாரைக் குறிப்பிடுகிறோம்?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள லான்காஸ்டர் என்னும் சிற்றூரில், ஒரே தெருவில் சில வீடுகள் தள்ளிக் குடியிருந்த இரண்டு வழக்கறிஞர் குடும்பங்களை இப்பெயர் குறிக்கிறது. ஒரு வீட்டின் தலைவர் தாமஸ் யூயிங். மற்றொரு வீட்டின் தலைவர் சார்லஸ் ராபர்ட் ஷெர்மன். இருவரையும் முதலில் இணைத்தது வழக்கறிஞர் தொழிலில் ஏற்பட்ட நட்பு. பிறகு ஒரு மரணம். அதற்கும் இருபது ஆண்டுகள் கழித்து ஒரு திருமணம். இந்த இரு வீடுகளிலிருந்தும், இவற்றுக்குள் மணம் செய்துகொண்டு வந்தவர்களிலிருந்தும் செனட்டர்கள், கருவூலச் செயலர்கள், நீதிபதிகள், இரண்டு ராணுவத் தலைமைத் தளபதிகள் எனப் பலர் உருவானார்கள். வடமாநிலங்களுக்கும் தென்மாநிலங்களுக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போரில் ஜார்ஜியா மாநிலத்தை ஊடறுத்துச் சென்ற ஜெனரல் வில்லியம் டெக்கும்சே ஷெர்மனைத் தான் உலகம் நன்கு அறியும். ஆனால் அவரை மட்டும் தனியே எடுத்துப் படித்தால் அவர் வாழ்க்கையின் பாதி விளங்காது.

சிறுவன் ஷெர்மன் யூயிங் வீட்டுக்கு எப்படி வந்தான்?

தந்தை சார்லஸ் ஷெர்மன் ஒஹாயோ உச்ச நீதிமன்ற நீதிபதி. அந்நாளில் அந்த நீதிபதிகள் ஊர் ஊராகச் சுற்றி வழக்கு விசாரிப்பது வழக்கம். அவ்வாறு லெபனான் என்னும் ஊருக்குப் போன இடத்தில் திடீரென்று நோயுற்று, 1829 ஜூன் 24 அன்று, நாற்பதாவது வயதில் இறந்துபோனார். மனைவி மேரி ஹாய்ட்டின் பொறுப்பில் பதினொரு பிள்ளைகள் நின்றார்கள். மூத்தவனுக்கு வயது பதினெட்டு, கடைசியது கைக்குழந்தை.

சேமிப்பு என்று ஒன்றும் இல்லாததற்கு ஒரு பழைய கதை உண்டு. சார்லஸ் ஒரு காலத்தில் உள்நாட்டு வரி வசூல் அதிகாரியாக இருந்தார். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் உள்ளூர் வங்கிகளின் தாள்களை வரியாக வாங்கி வைத்திருந்தார்கள். அந்தத் தாள்கள் செல்லாது என்று 1817இல் அரசு கைவிரித்துவிட்டது. விழுந்த பள்ளத்தைச் சார்லஸ் தம் சொந்தக் கடனாக ஏற்றுக்கொண்டு, சாகும்வரை அடைத்துக்கொண்டிருந்தார். தந்தை பட்ட கடனின் நிழல் மகனைக் கடைசிவரை விடவில்லை என்பதைப் பின்னால் காணலாம்.

உறவினர்களும் நண்பர்களும் பிள்ளைகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள். யூயிங் ஒருவனை வளர்க்க முன்வந்து, இருப்பவர்களில் கெட்டிக்காரன் எவனோ அவனைத் தருமாறு கேட்டதாகவும், வீட்டார் 'கம்ப்' என்ற செல்லப்பெயர் கொண்ட ஒன்பது வயது டெக்கும்சேயைக் காட்டியதாகவும் குடும்பத்தில் ஒரு கதை வழங்கிவந்தது. கதை எப்படியோ, அவன் நடந்து போன தூரம் என்னவோ சில வீடுகள்தான். பெற்ற தாய் கூப்பிடு தூரத்தில் இருக்க, அவன் வேறொரு வீட்டுப் பிள்ளையானான்.

தாமஸ் யூயிங் அவ்வளவு பெரிய மனிதரா?

1829இல் அவர் ஊரறிந்த வழக்கறிஞர் மட்டுமே. இரண்டே ஆண்டுகளில் செனட்டர் ஆனார்.

1789இல் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்த யூயிங், படிப்புச் செலவுக்காகக் கனாவா ஆற்றங்கரை உப்பு ஆலைகளில் உப்புநீர் காய்ச்சும் வேலை பார்த்தவர். 'உப்புக் காய்ச்சுபவர்' என்ற பட்டப்பெயர் அரசியலிலும் அவருடன் ஒட்டிக்கொண்டது. 1815இல் ஒஹாயோ பல்கலைக்கழகம் முதன்முதலாகப் பட்டம் வழங்கிய இருவரில் அவர் ஒருவர். விக் கட்சியின் செனட்டராக 1831 முதல் 1837 வரை இருந்தார். 1841இல் கருவூலச் செயலரானார். ஆனால் தேசிய வங்கி மசோதாக்களைக் குடியரசுத் தலைவர் டைலர் தடுத்து நிறுத்தியதும், சக அமைச்சர்கள் பலரோடு சேர்ந்து ஆறே மாதத்தில் பதவியை உதறினார். 1849இல் புதிதாகத் தோற்றுவிக்கப்பட்ட உள்துறைக்கு அவரே முதல் செயலர். எதிர்க்கட்சிக்காரர்களை வேலையிலிருந்து கூட்டங்கூட்டமாக நீக்கியதால் அப்போது அவரைக் 'கசாப்புக்காரர்' என்று பத்திரிகைகள் ஏசின.

அவர் மனைவி மரியா பாயில் ஐரிஷ் வழிவந்த, அழுத்தமான கத்தோலிக்கப் பெண்மணி. யூயிங் அம்மதத்தைத் தழுவாமலே இருந்து, சாகும் தறுவாயில் 1871இல்தான் திருமுழுக்குப் பெற்றார். தாய் கத்தோலிக்கர், தந்தை பொறுமையாக விலகி நிற்பவர் என்ற இந்த ஏற்பாடு அடுத்த தலைமுறையிலும் அப்படியே திரும்ப வந்தது.

ஷெர்மனைத் தத்து எடுத்தார்களா?

இல்லை. சட்டப்படி தத்து எதுவும் நடக்கவில்லை. குடும்பப் பெயரும் மாறவில்லை. வளர்த்தார்கள், அவ்வளவே. அதனால்தான் பின்னால் திருமணத்துக்குத் தடை எழவில்லை.

உடன் வளர்ந்த யூயிங் மகள் எலனை அவர் மணந்தது எப்படி?

உறவுமுறை பார்த்துப் பழகிய நம் வாசகர்கள் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். வளர்த்தவரே மாமனார், உடன் விளையாடியவர்களே மைத்துனர்கள் என்னும் நிலை அமெரிக்கர்களுக்கும் அன்றாடம் காண்பதல்ல. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செனட்டர் யூயிங்கின் பரிந்துரையால் 1836இல் பதினாறு வயதில் ஷெர்மன் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிக்குப் புறப்பட்டபோது எலனுக்கு வயது பதினொன்று. அதன்பின் இருவரும் ஒரே கூரையின் கீழ் தொடர்ந்து வாழவில்லை. அவர்களுக்கிடையே வளர்ந்தது கடிதங்களால் வளர்ந்த பழக்கம். கல்லூரியிலிருந்து, ஃபுளோரிடாவிலிருந்து, தென்மாநிலக் கோட்டைகளிலிருந்து, கலிஃபோர்னியாவிலிருந்து அவர் எழுதிக்கொண்டே இருந்தார். ராணுவத்தை விட்டுவிட்டு ஒஹாயோவில் ஒரு வேலை பார்க்கவேண்டும், கத்தோலிக்கராக வேண்டும் என்று எலன் கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டையும் ஷெர்மன் செய்யவில்லை.

திருமணம் 1850 மே 1 அன்று வாஷிங்டனில், வெள்ளை மாளிகைக்கு எதிரில் யூயிங் வாடகைக்கு எடுத்திருந்த பிளேர் இல்லத்தில், கத்தோலிக்க முறைப்படி நடந்தது. இன்று அமெரிக்க அரசு வெளிநாட்டுத் தலைவர்களைத் தங்கவைக்கும் விருந்தினர் மாளிகை அதுவே. முப்பது வயது லெப்டினன்ட் ஒருவரின் திருமணத்துக்குக் குடியரசுத் தலைவர் சக்கரி டெய்லரும் அவருடைய அமைச்சரவை முழுவதும், டேனியல் வெப்ஸ்டர், ஹென்றி கிளே, தாமஸ் பென்டன் போன்ற செனட் ஜாம்பவான்களும் வந்திருந்தார்கள் என்றால், வந்தவர்கள் மாப்பிள்ளைக்காக வரவில்லை என்பது சொல்லாமலே விளங்கும். மாப்பிள்ளைக்கும் அது விளங்கியிருந்தது.

இல்லறம் எப்படி இருந்தது? அவர்கள் அடிக்கடி பிரிந்து வாழ்ந்தது ஏன்?

அன்பு குறைவு என்று சொல்ல முடியாது, இழுபறி அதிகம். ஷெர்மன் 1853இல் ராணுவத்திலிருந்து விலகி, சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு வங்கிக் கிளையை நடத்தப் போனார். மூத்த மகள் மின்னியைத் தாத்தா பாட்டியிடமே லான்காஸ்டரில் விட்டுவிட்டு எலன் கலிஃபோர்னியா போனார். 1855இல் மற்றக் குழந்தைகளைக் கணவரிடம் விட்டுவிட்டு மாதக்கணக்கில் லான்காஸ்டருக்குத் திரும்பி வந்து இருந்தார். தாய்வீடு என்பது அவருக்கு விருந்துக்குப் போய்வரும் இடமாக ஒருநாளும் இருந்ததில்லை.

1857இல் வங்கிக் கிளை மூடப்பட்டது. அந்த ஆண்டின் நிதி நெருக்கடியில் மற்ற வழிகளும் அடைந்தன. ராணுவ நண்பர்கள் தம்மை நம்பிக் கொடுத்திருந்த பணத்தில் ஏற்பட்ட நட்டத்தை ஷெர்மன் தம் கைப்பணத்திலிருந்து ஈடுகட்டினார். சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அப்பாவின் பிள்ளை அவர். இந்நேரத்தில் மாமனார் தம் உப்பு ஆலைகளை மேற்பார்வை பார்க்க வருமாறு அழைத்தார். வேறொருவருக்கு அது வரமாகத் தெரிந்திருக்கும். ஷெர்மனுக்கு அது தோல்வியை ஒப்புக்கொள்வதாகத் தெரிந்தது. எனவே கான்சாஸ் போய், மைத்துனர்கள் ஹ்யூ, இளைய தாமஸ் இருவரோடும் சேர்ந்து வழக்கறிஞர் தொழில் செய்தார். சட்டம் படிக்காத அவருக்கு, 'பொது அறிவு போதும்' என்று நீதிபதி அனுமதி வழங்கியதைத் தம் நினைவுக் குறிப்புகளில் அவரே வேடிக்கையாகச் சொல்கிறார். மாமனார் நிழலைத் தவிர்க்க ஓடியவர் மைத்துனர் நிழலில் ஒதுங்கியதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

எட்டுப் பிள்ளைகளில் இருவரைப் போர்க்காலத்தில் இழந்தார்கள். 1863 கோடையில், விக்ஸ்பர்க் வீழ்ந்தபின், எலனும் நான்கு பிள்ளைகளும் பிக் பிளாக் ஆற்றங்கரைப் பாசறையில் கூடாரங்களில் வந்து தங்கினார்கள். மூத்த மகன் வில்லி அப்பாவின் செல்லம். பதின்மூன்றாம் காலாட்படையின் சிப்பாய்கள் அந்த ஒன்பது வயதுப் பையனுக்குச் சார்ஜெண்ட் பட்டம் கொடுத்து, சீருடை அணிவித்து, அணிவகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். செப்டம்பர் இறுதியில் படை கிழக்கே நகரும்படி உத்தரவு வந்து, குடும்பம் நீராவிப் படகில் ஏறியபோதுதான் பையனுக்குக் காய்ச்சல் என்பது தெரிந்தது. டைஃபாய்டு. மெம்ஃபிஸ் நகர விடுதி ஒன்றில் அக்டோபர் 3 அன்று வில்லி இறந்தான். நச்சுக் காய்ச்சல் பருவத்தில் குடும்பத்தை அங்கு வரவழைத்தது தாம்தானே என்று ஷெர்மன் வாழ்நாள் முழுவதும் நொந்துகொண்டார். மறு ஆண்டு பிறந்த சார்லஸ் செலஸ்டினை அவர் பார்க்கவே இல்லை. படைகளோடு சவானா நகரத்தை அடைந்தபோது, தாம் காணாத அந்த மகன் இறந்துவிட்ட செய்தியைப் பத்திரிகையில் படித்தார்.

ஷெர்மனுக்குப் பைத்தியம் என்று செய்தி வந்தது உண்மையா? குடும்பம் என்ன செய்தது?

உண்மை. குடும்பம் ஒரு படைபோல் திரண்டதும் அப்போதுதான்.

1861 அக்டோபரில் ஷெர்மன் கென்டக்கியில் படைப்பொறுப்பு வகித்தார். போர்ச் செயலர் சைமன் கேமரன் லூயிவில் நகர விடுதி ஒன்றில் அவரைச் சந்தித்தபோது, அங்கே தற்காத்துக்கொள்ளவே 60,000 பேர் வேண்டும், முன்னேறித் தாக்க 200,000 பேர் வேண்டும் என்று ஷெர்மன் சொன்னார். கூடவே பத்திரிகையாளர் ஒருவர் இருந்ததை அவர் அறியவில்லை. கேமரனோடு வந்திருந்த அதிகாரி லொரென்சோ தாமஸ் எழுதிய அறிக்கை நாளிதழில் வெளியாகி, ஷெர்மன் பீதியில் பிதற்றுகிறார் என்ற பேச்சு பரவியது. தூக்கமும் உணவும் கெட்டு அவர் உண்மையாகவே தளர்ந்திருந்தார். எலனும் ஷெர்மனின் தம்பி ஜானும் விரைந்து வந்து பார்த்தார்கள். பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டு, விடுப்பில் லான்காஸ்டர் வீட்டில் இருந்தபோது, டிசம்பர் 11 அன்று சின்சினாட்டி நாளிதழ் ஒன்று அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்றே தலைப்பிட்டது.

மூத்த மைத்துனர் ஃபிலமன் மறுப்பை எழுதி எடுத்துக்கொண்டு சின்சினாட்டிக்குப் போய், அதே பத்திரிகையில் அச்சிட வைத்தார். எலன் 1862 ஜனவரியில் நேரடியாகக் குடியரசுத் தலைவர் லிங்கனுக்கே கடிதம் எழுதினார். பதில் வராததால் தந்தையை அழைத்துக்கொண்டு வாஷிங்டன் சென்று லிங்கனைச் சந்தித்தார். லிங்கன் இதமாகப் பேசி அனுப்பினார். செனட்டில் ஜான் இருந்தார். இவ்வளவு பேர் பின்னால் நிற்காத ஒரு படை அதிகாரியின் கதை அந்தக் குளிர்காலத்தோடு முடிந்திருக்கும் என்பதே என் எண்ணம். நான்கே மாதத்தில் ஷைலோ போர்க்களம் அவர் பெயரை மீட்டுத் தந்தது. ஆனால் ஷைலோ வரை அவரைக் கொண்டுசேர்த்தது வீடு.

யூயிங் மகன்களும் ஜெனரல்கள் ஆனார்களா?

ஹ்யூ, இளைய தாமஸ், சார்லஸ் மூவரும் ஒன்றியப் படையில், அதாவது வடமாநிலப் படையில், பிரிகேடியர் ஜெனரல் ஆனார்கள். ஹ்யூ பிற்பாடு நெதர்லாந்துக்குத் தூதராகப் போனார். சார்லஸ் விக்ஸ்பர்க் கோட்டைத் தாக்குதலில் கொடியைத் தாங்கிப் பிடித்துக் காயப்பட்டார். போருக்குப்பின் பழங்குடி மக்களிடையே கத்தோலிக்கப் பள்ளிகளுக்காக வாஷிங்டனில் வாதாடினார். பேச வேண்டியவர் இளைய தாமஸ்தான்.

அவர் கான்சாஸ் மாநிலத்தின் முதல் தலைமை நீதிபதி. 1863இல் மிசௌரி எல்லைப்பகுதியின் ராணுவ அதிகாரி. எல்லையில் மறைந்திருந்து தாக்கிய தென்மாநில ஆதரவுக் கொரில்லாக்களுக்கு உறவுப் பெண்கள் உதவுகிறார்கள் என்று பலரைப் பிடித்துக் கான்சாஸ் சிட்டியில் ஒரு கட்டடத்தில் அடைத்திருந்தார்கள். ஆகஸ்ட் 13 அன்று அந்தக் கட்டடம் இடிந்து சில பெண்கள் இறந்தார்கள். ஆகஸ்ட் 21 அன்று குவாண்ட்ரில் என்பவன் தலைமையில் கொரில்லாக்கள் கான்சாஸின் லாரன்ஸ் நகருக்குள் புகுந்து 150க்கும் மேற்பட்ட ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றார்கள். நான்கு நாள் கழித்து யூயிங் பதினோராம் எண் ஆணையைப் பிறப்பித்தார். மிசௌரியின் மூன்று மாவட்டங்களிலும் நான்காவதில் ஒரு பகுதியிலும், படைத்தளங்களை ஒட்டிய சில இடங்கள் தவிர, நாட்டுப்புறத்தில் குடியிருந்த எல்லாரும் பதினைந்து நாளுக்குள் வெளியேற வேண்டும். எந்தப் பக்கத்தை ஆதரித்தவர் என்ற கேள்வியே இல்லை. ஆயிரக்கணக்கானோர் வண்டிகளிலும் கால்நடையாகவும் போனார்கள். பின்னால் வீடுகள் எரிந்தன. அப்பகுதிக்கு நெடுங்காலம் 'எரிந்த மாவட்டம்' என்றே பெயர் நின்றது. ஒன்றிய ஆதரவாளரான ஓவியர் ஜார்ஜ் கேலப் பிங்கம், இந்த ஆணையைக் கண்டிப்பதற்காகவே ஒரு பெரிய ஓவியம் தீட்டினார். குடிமக்களின் வாழ்வாதாரத்தை அழித்துப் போரை முடிப்பது என்ற முறையை மைத்துனர் ஜார்ஜியாவில் கையாள்வதற்கு ஓராண்டுக்கு முன்பே இவர் கையாண்டிருக்கிறார். ஷெர்மனைப் பற்றிப் பேசுவோர் இதை ஏனோ சேர்த்துப் பேசுவதில்லை.

அதே மனிதர்தான் 1865இல் லிங்கன் கொலை வழக்கில் டாக்டர் சாமுவேல் மட், ஆர்னால்ட், ஸ்பாங்ளர் ஆகிய மூவருக்காக வாதாடினார். குடிமக்களை விசாரிக்க ராணுவ நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்பது அவர் வாதங்களுள் ஒன்று. குற்றம் சாட்டப்பட்ட எண்மரில் நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். யூயிங் வாதாடிய மூவரும் உயிர் தப்பினார்கள்.

ஜான் ஷெர்மன் யார்? அண்ணனைவிட அவர் முக்கியமானவரா?

அரசியலில், ஐயமில்லாமல். 1823இல் பிறந்த ஜான், 1854இல் பிரதிநிதிகள் அவைக்கும் 1861இல் செனட்டுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார், 1877 முதல் 1881 வரை கருவூலச் செயலர், மறுபடியும் செனட், 1897இல் வெளியுறவுச் செயலர். பெருநிறுவனங்களின் ஏகபோகத்தைத் தடுக்கும் 1890ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. குடியரசுத் தலைவர் வேட்பாளராக 1880, 1884, 1888 என மூன்று முறை முயன்று மூன்று முறையும் தோற்றார். 1880இல் அவருக்காக மாநாட்டில் ஆதரவு திரட்டப் போன கார்ஃபீல்டே வேட்பாளராகித் திரும்பியது இன்னும் கசப்பு.

அண்ணன் தம்பி இருவரும் ஒருவரையொருவர் தாங்கினார்கள் என்றாலும், ஒருவரால் மற்றவருக்குச் சங்கடமும் நேர்ந்தது. 1859 இறுதியில் அண்ணன் லூயிசியானாவில் ஒரு ராணுவக் கல்விக்கூடத்துக்குத் தலைமை ஏற்றிருந்தார். அதே வாரங்களில் தம்பி சபாநாயகர் பதவிக்குப் போட்டியிட்டு, அடிமை முறையைத் தாக்கிய ஒரு நூலுக்கு ஒப்புதல் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டில் சிக்கினார். லூயிசியானா ஆளுநர் வீட்டு விருந்தில், அந்த 'ஒழிப்புவாதியின்' அண்ணன் நீர்தானா என்ற பொருளில் கேள்வி வந்தபோது, சாப்பாட்டு மேசையிலேயே ஷெர்மன் தம்பிக்காகப் பேசவேண்டியதாயிற்று.

குடும்பத்துக்குள் அரசியல் மோதல் இருந்ததா?

வெளிப்படையாகவே இருந்தது. 1868 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் போர்ச் செயலர் ஸ்டான்டனை நீக்கி, இடைக்காலப் பொறுப்பை அதே லொரென்சோ தாமஸிடம் கொடுத்து, நிரந்தரச் செயலராக எழுபத்தெட்டு வயது தாமஸ் யூயிங்கின் பெயரை மறுநாள் செனட்டுக்கு அனுப்பினார். செனட் அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. நீக்கிய செயலுக்காக ஜான்சன் மீது கண்டன விசாரணை தொடங்கியது. ஜெனரல் ஷெர்மன் ஜான்சனோடு நட்பு பாராட்டினார். மாமனாரோ ஜான்சனுக்கு ஆலோசகர். ஜான் ஷெர்மனோ செனட்டில் குற்றவாளி என்று வாக்களித்தார். ஒரே ஒரு வாக்கு குறைந்ததால் ஜான்சன் தப்பினார்.

ஸ்டான்டன் மீது குடும்பத்துக்கு இருந்த கோபத்துக்கு முன்கதை உண்டு. 1865 ஏப்ரலில் ஷெர்மன் எதிர்த்தளபதி ஜான்ஸ்டனோடு செய்துகொண்ட தாராளமான சரணடைவு உடன்பாட்டை அரசு தள்ளியபோது, ஸ்டான்டன் அதைப் பத்திரிகைகளில் வெளியிட்டு, ஷெர்மனின் விசுவாசத்தையே சந்தேகிக்கும்படி செய்தார். மே 24 அன்று வாஷிங்டனில் வெற்றி அணிவகுப்பு. ஷெர்மன் குதிரையிலிருந்து இறங்கி மேடை ஏறினார். அங்கே எலனும் மாமனாரும் மகன் டாமும் காத்திருந்தார்கள். அவர்களைக் கடந்து குடியரசுத் தலைவரோடும் ஜெனரல் கிராண்டோடும் அமைச்சர்களோடும் கைகுலுக்கிக்கொண்டே வந்தார். ஸ்டான்டன் கையை நீட்டினார். ஷெர்மன் எல்லார் கண்முன்னும் அந்தக் கையை வாங்காமல் அடுத்தவரிடம் போனார்.

1877க்குப் பின் மோதல் பணத்தைப் பற்றியது. காகிதப் பணத்துக்கு ஈடாகத் தங்கம் தருவதை 1879 ஜனவரி 1 முதல் மீண்டும் தொடங்குவது என்ற சட்டத்தை நடைமுறைப்படுத்தியவர் கருவூலச் செயலர் ஜான் ஷெர்மன். கடன்பட்ட விவசாயிகளை அது நசுக்கும் என்று, அச்சட்டத்தை நீக்கப் பிரதிநிதிகள் அவையில் முன்னின்றவர் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் இளைய தாமஸ் யூயிங். ஒருவர் ஜெனரல் ஷெர்மனின் தம்பி. மற்றவர் மனைவியின் தம்பி. 1879இல் ஒஹாயோ ஆளுநர் தேர்தலில் யூயிங் தோற்றார். தங்கத் திட்டம் நிலைத்தது.

அடுத்த தலைமுறையின் திருமணங்கள் எத்தகையவை?

மூத்த அண்ணன் சார்லஸ் டெய்லர் ஷெர்மன் கூட்டாட்சி நீதிபதி. அவர் மகள் மேரி, 1868இல் நெல்சன் மைல்ஸை மணந்தார். அவர் 1895இல், முன்னர் ஷெர்மன் வகித்த அதே ராணுவத் தலைமைத் தளபதி பதவிக்கு வந்தார். இன்னொரு மகள் எலிசபெத், 1878இல் இருபது வயதில், ஆறு பிள்ளைகளுக்குத் தந்தையும் மனைவியை இழந்தவருமான நாற்பத்து நான்கு வயதுப் பென்சில்வேனியா செனட்டர் டொனால்ட் கேமரனுக்கு மணம் முடித்து வைக்கப்பட்டார். மணம் மகிழ்ச்சி தரவில்லை. மாப்பிள்ளையின் தந்தை யார் என்றால், 1861இல் லூயிவில் விடுதியில் ஷெர்மனின் கணக்கைக் கேட்டுவிட்டுப் போன அதே சைமன் கேமரன். பதினேழு ஆண்டுகளில் பகை சம்பந்தமாகிவிட்டது.

ஷெர்மனின் மகள் மின்னி 1874இல் கடற்படை அதிகாரி ஃபிட்சை மணந்தபோது, எகிப்தின் ஆட்சியாளர் இஸ்மாயில் வைர நகைகளைச் சீதனம்போல் அனுப்பிவைத்தார். சம்பளக்காரரான தந்தைக்குச் சுங்க வரியை நினைத்தே தலை சுற்றியது. காங்கிரஸ் தலையிட்டு வரிவிலக்கு அளிக்கவேண்டி வந்தது.

ஜேம்ஸ் பிளெய்ன் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவரா?

எலனின் தாய்வழி உறவினர். சிறுவனாக லான்காஸ்டரில் யூயிங் வீட்டில் தங்கிப் படித்தவர். பின்னாளில் சபாநாயகர், செனட்டர், வெளியுறவுச் செயலர். 1884 குடியரசுக் கட்சி மாநாட்டுக்கு முன் அவரே ஷெர்மனுக்கு அந்தரங்கக் கடிதம் எழுதி, வேட்பாளராகும் அழைப்பு வந்தால் மறுக்க வேண்டாம் என்று கேட்டார். ஷெர்மன் திட்டவட்டமாக மறுத்தார். நியமித்தால் ஏற்கமாட்டேன், தேர்ந்தெடுத்தால் பணியாற்றமாட்டேன் என்று மாநாட்டுக்கும் தந்தி போயிற்று. ஜானும் போட்டியிட்ட அந்த மாநாட்டில் பிளெய்ன் வென்று, பொதுத்தேர்தலில் தோற்றார். நியூயார்க்கில் ஆயிரத்துச் சொச்சம் வாக்குகள் அவரை வீழ்த்தின. பிளெய்ன் ஆதரவுப் பாதிரியார் ஒருவர் கத்தோலிக்கரை இழித்துப் பேசியது அதற்கு ஒரு காரணம் என்பார்கள். பிளெய்னின் தாயார் கத்தோலிக்கர்.

மதம் இந்தக் குடும்பத்தைப் பிரித்ததா?

ஒரு முறை, ஆழமாக. வில்லிக்குப்பின் எல்லா நம்பிக்கையையும் ஷெர்மன் அடுத்த மகன் டாம் மீது வைத்தார். யேல் பல்கலைக்கழகத்தில் படிக்க வைத்தார். சட்டம் பயில வைத்தார். முதுமையில் குடும்பத்தைத் தாங்குவான் என்று கணக்கிட்டார். 1878இல் டாம் இயேசு சபையில் சேர்ந்து குருவாகப் போவதாக எழுதினான். தந்தை இல்லாத வீட்டின் வறுமையை ஒன்பது வயதில் பார்த்தவருக்கு, அது மதப் பிரச்சினையாகத் தோன்றவில்லை. படைத்தளத்தை விட்டு ஓடுவதாகத் தோன்றியது. எலனுக்கோ உள்ளுக்குள் மகிழ்ச்சி. அவர் 1888 நவம்பரில் இறந்தார். டாம் குருப்பட்டம் பெற்றது மறு ஆண்டுதான்.

1891 பிப்ரவரியில் ஷெர்மன் நியூயார்க்கில் நினைவிழந்து கிடந்தபோது, பிள்ளைகள் ஒரு குருவை அழைத்து, கத்தோலிக்கர் சாகும் தறுவாயில் பெறும் நோயில்பூசுதல் என்னும் சடங்கைச் செய்வித்தார்கள். தம்பி ஜான் அப்போது வீட்டில் இல்லை. ஒருநாளும் கத்தோலிக்கராகாதவருக்குத் திருட்டுத்தனமாகச் சடங்கு செய்தார்கள் என்று பத்திரிகை ஏசியது. புராட்டஸ்டன்ட் பிரிவைச் சேர்ந்த ஜான் பிள்ளைகளுக்காகப் பகிரங்கமாகப் பரிந்து பேசினார். பிப்ரவரி 14 அன்று உயிர் பிரிந்தது. ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஜெர்சி தீவிலிருந்து டாம் கப்பலில் வந்து சேரும்வரை அடக்கத்தைத் தள்ளிவைத்தார்கள். இறுதி மன்றாட்டுகளை நடத்தியவர் அவரே.

ரோஜர் ஷெர்மன் இக்குடும்பத்தவரா?

விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ரோஜர் ஷெர்மன் தூரத்து உறவு. இங்கிலாந்திலிருந்து குடியேறிய முன்னோர்களிடம் போய்ச் சேரும் கிளை அது.

அவர்கள் எங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள்?

தாமஸ் யூயிங்கும் மரியாவும் லான்காஸ்டரில். ஷெர்மன் பிறந்த வீடு அதே ஊரில் இன்று அருங்காட்சியகம். ஜான், தாம் தொழில் தொடங்கிய மான்ஸ்ஃபீல்டில். ஷெர்மனும் எலனும் வில்லியும் குழந்தை சார்லஸும் செயின்ட் லூயிஸ் நகரின் கால்வரி கல்லறைத் தோட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். டாம் மட்டும் அங்கே இல்லை. 1933இல் இறந்த அவரை லூயிசியானாவின் கிராண்ட் கோட்டோவில், இயேசு சபையினரின் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். அடுத்த குழியில் இருப்பவர் சால்ட்டர் என்னும் குரு. உள்நாட்டுப் போரில் ஷெர்மன் எதிர்த்துப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பு அரசின் துணைத் தலைவராக இருந்த அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸின் உறவுவழிப் பேரன்.